எல்.டி.ஆர். இருட்டுக்குத் திரும்பும் நேரம்: ஆப்டிகல் கம்ப்ரஸரோடு என் அனுபவம்

மெல்லிசைக் கச்சேரியில் கிட்டார் வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு தீராத கவலை உண்டு. பல்லவிக்குப் பின்னால், தந்திகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டுகிற ஆர்பெஜியோ மண்டபத்தின் பாதிக்கு மேல் போய்ச் சேராது. அது கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றினால், சரணத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஸ்ட்ரம் அடிக்கும்போது பாடகரின் குரலையே மூடிவிடும். வால்யூம் பெடலைக் காலால் ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம்தான். ஆனால் கவனமெல்லாம் காலுக்குப் போய்விடும், கை தானாக வாசிக்கும். அப்படி வாசித்தால் அது காதுக்குத் தெரிந்துவிடும்.

இதற்காகத்தான் கம்ப்ரஸர். பல வகைக் கம்ப்ரஸர்களைப் பல வருடங்களாகப் பெடல்போர்டில் (காலடியில் எஃபெக்ட் பெட்டிகளை அடுக்கும் பலகை) மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இப்போது ஆப்டிகல் வகையில் நிலைத்திருக்கிறேன். அது ஏன் எனக்குப் பொருந்துகிறது, உள்ளே என்ன நடக்கிறது, அதை வைத்துக்கொண்டு கையை எப்படிப் பழக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சர்க்யூட் தெரியாதவர்களும் கூடவே வரலாம். சாலிடரிங் அயர்ன் பிடிப்பவர்களுக்கும் நடுவில் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் கம்ப்ரஸர் செய்யும் வேலை. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அதைக் குறைக்கும். குறைத்தபின் மொத்தத்தையும் நாம் உயர்த்திக்கொள்ளலாம். பலமாக அடித்தது கொஞ்சம் அடங்கி, மெல்ல மீட்டியது கொஞ்சம் மேலே வந்து, இரண்டும் நெருங்கிவிடுகின்றன. சத்தம் ஏறினால் குறை, இறங்கினால் விடு என்று ஒரு வால்யூம் நாபைப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ திருப்புவது போன்ற வேலை இது. கம்ப்ரஸர்களுக்குள் இருக்கும் வித்தியாசமெல்லாம் அந்த நாபைத் திருப்புவது எது, எவ்வளவு வேகத்தில் திருப்புகிறது என்பதில்தான்.

எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் 1970களில் கொண்டுவந்த டைனா காம்பில் அந்த வேலையை சி.ஏ.3080 என்ற ஐ.சி. செய்கிறது. பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) தந்தியில் பட்டதுமே பிடித்து அமுக்கிவிடும். அந்த 'டப்' என்கிற சத்தம் கன்ட்ரி இசைக்கும் ஃபங்க் இசைக்கும் அழகு. ஆப்டிகல் கம்ப்ரஸரில் அந்த நாபைத் திருப்புவது வெளிச்சம்.

உள்ளே ஒரு சிறிய விளக்கும், அதற்கு எதிரே ஒரு எல்.டி.ஆர்.-உம் இருக்கும். விளக்கு என்றால் இன்றைய பெடல்களில் எல்.இ.டி. எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற ஒரு ரெசிஸ்டர். தெருவிளக்கைத் தானாக எரியவைக்கும் சென்சார்களில் பார்த்திருப்பீர்கள்: வட்டமான முகத்தில் புழு ஊர்ந்த தடம் போல ஒரு வளைவுக்கோடு இருக்கும். அந்தக் கோட்டில் இருப்பது காட்மியம் சல்ஃபைடு. இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, வெளி வெளிச்சம் புகாதபடி கருப்புக் குழாய்க்குள் அடைத்துவிடுவார்கள்.

கிட்டார் சிக்னல் பெடலுக்குள் வந்ததும் இரண்டு பாதையில் போகிறது. ஒன்று ஆம்ப்புக்குப் போகும் பாதை. இன்னொன்று எல்.இ.டி.யை எரியவைக்கும் பாதை. கவனியுங்கள், நம் காதுக்கு வரும் சத்தம் எல்.இ.டி. வழியாகப் போவதே இல்லை. எல்.இ.டி. வெளிச்சம் மட்டும் தருகிறது. எதிரே இருக்கும் எல்.டி.ஆர். தன் மின்தடையை மாற்றி முதல் பாதையின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இரண்டு பாதைக்கும் நடுவே வெளிச்சம் தவிர வேறு தொடர்பு கிடையாது. நடுவில் இருப்பது வெறும் ரெசிஸ்டர் என்பதால், சத்தத்தைக் குறைக்கும்போது அது பெரிதாகக் கரகரப்பு எதையும் சேர்ப்பதில்லை. ஆப்டிகல் வகையைச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) ஒன்றில் உள்ளே வரும் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், ஃபீட்பேக் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்று வையுங்கள். இரண்டின் விகிதம்தான் கெயின் (பெருக்கம்): 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல். அந்த 1 மெகா ஓமுக்கு இணையாக எல்.டி.ஆரை வைக்கிறோம். இருட்டில் அதன் மின்தடை பல மெகா ஓம் இருக்கும், இருப்பதே தெரியாது. பலமாகத் தட்டினதும் எல்.இ.டி. பளிச்சென்று எரிந்து, எல்.டி.ஆர். 100 கிலோ ஓமுக்கு இறங்குகிறது என்றால், இரண்டும் சேர்ந்து 91 கிலோ ஓம் அளவில் நிற்கும். கெயின் 10-இலிருந்து ஒன்றுக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. 20 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தாயிற்று. இவ்வளவுதான் சர்க்யூட்டின் தத்துவம்.

இந்த யோசனை பழையது. 1960களில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக எல்.ஏ.-2ஏ என்ற லெவலிங் ஆம்ப்ளிஃபையரை, அதாவது ஒரு ஸ்டுடியோ கம்ப்ரஸரை, உருவாக்கினார். அதற்குள் டி4 என்ற ஒரு சின்ன டப்பா இருக்கும். எலக்ட்ரோலூமினசென்ட் தகடு ஒன்று ஒளிவிட, எதிரே எல்.டி.ஆர்.கள். முகப்பில் முக்கியமாக இரண்டே நாப். ஸ்டுடியோக்களில் குரலுக்கும் பாஸ் கிட்டாருக்கும் இன்றுவரை அதைத் தேடிப் போகிறார்கள். கிட்டார் உலகத்தில் வெளிச்சத்தை வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். ஃபெண்டரின் பிளாக்ஃபேஸ் ஆம்ப்களில் ட்ரெமொலோ (சத்தம் அலைபோல ஏறி இறங்குவது) வருவது நியான் விளக்கும் எல்.டி.ஆர்.-உம் சேர்ந்த ஒரு சின்ன உறையிலிருந்து. ஜப்பானில் உருவான யூனி-வைப் பெடலில் நடுவில் ஒரு பல்பு, சுற்றிலும் நான்கு எல்.டி.ஆர்.

சரி, எல்லா எல்.டி.ஆர்.-க்கும் ஒரு குணம் உண்டு. வெளிச்சம் வந்தால் சட்டென்று மாறும், வெளிச்சம் போனால் மெல்லத்தான் திரும்பும். மத்தியான வெயிலில் சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் சீட் நம்பர் தெரிய எவ்வளவு நேரமாகிறது, படம் முடிந்து வெளியே வந்தால் எவ்வளவு சீக்கிரம் கண் பழகிவிடுகிறது? அதே கதைதான். காட்மியம் சல்ஃபைடில் வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்சாரம் பாய வழி கிடைக்கிறது. வெளிச்சம் நின்றபின் அவை எல்லாம் ஒரே நொடியில் பழைய இடத்துக்குப் போய் அமர்வதில்லை. முதலில் ஒரு பெருங்கூட்டம் திரும்பும், அங்கங்கே மாட்டிக்கொண்டவை நிதானமாகத் திரும்பும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். கிட்டார் வாசிக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்கலாம். சென்னையில் ரிச்சி தெருவில் 5 மில்லிமீட்டர் எல்.டி.ஆர். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதையும் ஒரு பச்சை எல்.இ.டி.யையும் கருப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் எதிரெதிரே செருகுங்கள். இரண்டு முனையையும் கருப்பு டேப்பால் மூடுங்கள். எல்.இ.டி.க்கு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம். எல்.டி.ஆரின் கால்களில் மீட்டர். எல்.இ.டி. எரியும்போது மீட்டர் ஒரு கிலோ ஓமை ஒட்டியோ அதற்கும் கீழேயோ காட்டும். இப்போது பேட்டரியைப் பிடுங்குங்கள். எண் ஒரே தாவாகத் தாவி ஏறும். அப்புறம் வேகம் குறையும். மெகா ஓமைத் தாண்டியபின் இன்னும் நிதானமாக, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏறிக்கொண்டே இருக்கும். இதே சோதனையை எல்.இ.டி.யை ஒரு நொடி மட்டும் எரியவிட்டும், நிறைய நேரம் எரியவிட்டும் செய்யுங்கள். நிறைய நேரம் எரிந்தபின் திரும்புவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். முன்பு எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தோம் என்பதை அந்தப் பொருள் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஆப்டிகல் கம்ப்ரஸரின் இசைக்குணம் முழுக்க இந்த ஞாபகத்தில்தான் இருக்கிறது. எல்.ஏ.-2ஏவின் விவரக் குறிப்பிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. பிடிக்க எடுக்கும் நேரம் 10 மில்லி செகண்ட். விடும்போது பாதி தூரம் திரும்ப சுமார் 60 மில்லி செகண்ட். மீதி தூரத்துக்கு அரை நொடியிலிருந்து 5 நொடி வரை, அதுவும் முன்பு எவ்வளவு அமுக்கியது என்பதைப் பொறுத்து. அட்டாக் (பிடிக்கும் நேரம்), ரிலீஸ் (விடும் நேரம்) என்று நாப் இல்லாத பெடலைப் பார்த்து 'செட் பண்ண ஒண்ணுமே இல்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நேரக் கணக்கை எல்.டி.ஆர். தானே வைத்துக்கொள்கிறது, நாம் வாசிப்பதற்கேற்ப மாற்றியும் கொள்கிறது. நான்கு நாப் வைத்துத் திருகினாலும் இந்த இரண்டு கட்டத் திரும்பலை அப்படியே கொண்டுவருவது சுலபமில்லை.

அதனால் பெடலின் குணத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்.டி.ஆரை மாற்ற வேண்டும். எல்.இ.டி.யும் எல்.டி.ஆர்.-உம் சேர்த்து ஒரே உறைக்குள் அடைத்து விற்கும் பாகத்துக்கு வாக்ட்ரால் என்று பெயர். அதில் வி.டி.எல்.5சி3 என்ற வகை இருட்டுக்குத் திரும்ப எடுக்கும் நேரம் 35 மில்லி செகண்ட் என்றும், வி.டி.எல்.5சி4 எடுப்பது ஒன்றரை நொடி என்றும் விவரத்தாள் சொல்கிறது. அளக்கும் முறை என்னவோ ஒரு குறிப்பிட்ட மின்தடை வரைதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) ஒரே சர்க்யூட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகி வாசித்தேன். முதலாவது துள்ளலாக இருந்தது, ஸ்ட்ரமின் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கியது. இரண்டாவது ஒரு தடவை அமுங்கினால் அமுங்கியதுதான், பல அடிகளுக்குச் சேர்த்து ஒரே மட்டத்தில் வைத்திருந்தது. வேறு எதையும் தொடவில்லை.

இங்கேதான் வாசிப்பவரின் வேலை ஆரம்பிக்கிறது. ரிலீஸ் நேரத்தைப் பாட்டின் காலப்பிரமாணத்தோடு பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 பீட் போகும் பாட்டில் ஒரு பீட் அரை நொடி. அதை இரண்டாக வெட்டி ஸ்ட்ரம் செய்தால் கால் நொடிக்கு ஒரு அடி. எல்.டி.ஆர். முழுதாகத் திரும்ப அரை நொடிக்கு மேல் வேண்டும். அது திரும்பி முடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது, மறுபடி வெளிச்சம். ஆகவே வேகமான பாட்டில் ஆப்டிகல் கம்ப்ரஸர் ஒவ்வொரு அடியாகப் பிடிப்பதில்லை. சராசரியாக ஒரு மட்டத்துக்கு இறங்கி அங்கேயே இருந்துவிடுகிறது. பாட்டின் உள்ளே இருக்கும் அழுத்தமும் மென்மையும் பெருமளவு பிழைத்துக்கொள்கின்றன, பகுதிக்குப் பகுதி உள்ள பெரிய ஏற்ற இறக்கம் மட்டும் சமனாகிறது. பல்லவி ஆர்பெஜியோவுக்கும் சரண ஸ்ட்ரமுக்கும் நடுவே எனக்கு வேண்டியிருந்ததும் இதுவேதான்.

நிமிடத்துக்கு 60 பீட் போகும் விளம்பமான பாட்டில் கதை வேறு. ஒரு பீட் முழுசாக ஒரு நொடி. கார்டை ஒரு தடவை மீட்டிவிட்டால், அது தேய்ந்துகொண்டே போகும்போது எல்.இ.டி. மங்குகிறது, எல்.டி.ஆர். மெல்ல விடுகிறது, கெயின் மெல்ல ஏறுகிறது. தேயும் ஒலியும் ஏறும் கெயினும் ஒன்றையொன்று ஈடுகட்ட, கார்டு அடுத்த பீட் வரை தாங்கி நிற்கிறது. கீபோர்டுகாரர் பேட், அதாவது நீண்ட கார்டு, பிடித்தது போல ஒரு நிறைவு. இதை நான் மிகவும் விரும்புகிறேன்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாட்டில் கிட்டாருக்கு நீண்ட ஓய்வு வரும் இடங்கள் உண்டு. வயலின் இடையிசை முடிந்து நாம் நுழைவோம். அந்த ஓய்வில் எல்.டி.ஆர். முழுக்க இருட்டுக்குப் போய்விட்டிருக்கும், கெயின் உச்சத்தில் நிற்கும். நுழையும் முதல் அடி எல்.டி.ஆர். விழித்துக்கொள்வதற்குள் வெளியே போய்விடும். மற்ற அடிகளைவிட அது எடுப்பாகத் தெரியும். நான் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். நுழையும் முதல் அடியைப் பிக்கின் ஓரத்தால் மெல்லத் தொட்டு எடுப்பது ஒன்று. இடது கையால் தந்திகளை முழுக்க அடைத்துக்கொண்டு, நுழைவதற்குச் சற்று முன் தாளத்தோடு ஒரு 'சிக்' அடித்துவிடுவது இன்னொன்று. அந்த அடைத்த அடி எல்.இ.டி.யை எரியவைத்துவிடும், அடுத்து வரும் கார்டு அதன் மட்டத்திலேயே வந்து உட்காரும். டிரம்ஸ்காரர் ஃபில் வாசிக்கும் இடமாக இருந்தால் அந்த 'சிக்' யாருக்கும் தனியாகத் தெரியாது.

அதே குணம் சில இடங்களில் பெரிய வரம். பிக் தந்தியில் படும் முதல் சில மில்லி செகண்ட் அமுங்காமல் போவதால், எழுத்துக்குத் தலைக்கட்டு இருப்பது போல ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தெளிவான தொடக்கம் இருக்கும். சொல்லப்போனால் ஆர்பெஜியோ மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்பது இந்தத் தொடக்கத்தால்தான்.

கர்நாடக இசையை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிப்பவர்களுக்கு இதில் தனிப் பயன் இருக்கிறது. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றவர்கள் அந்த வழியைக் காட்டியவர்கள். நான் மேடையில் கர்நாடகம் வாசிப்பவன் இல்லை, ஆனாலும் தோடியும் கல்யாணியும் வீட்டில் கிட்டாரில் வாசித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு தடவை மீட்டி, இடது கை விரலால் இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டு இழுத்து வர வேண்டும். கிட்டார் ஒலியோ மீட்டிய நொடியிலிருந்து தேய ஆரம்பித்துவிடும். கமகத்தின் கடைசி வளைவு வரும்போது ஒலி பாதி செத்திருக்கும். திரும்ப மீட்டினால் இழை அறுந்துவிடும். ஆப்டிகல் கம்ப்ரஸர் அந்தக் கடைசி வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. இங்கே மிக மெதுவான எல்.டி.ஆர். உதவாது, ஒலி தேயும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. நடுத்தர வேகமுள்ளதுதான் சரி. இன்னொன்று, கம்ப்ரஸர் ஒலியின் வாலைத் தூக்கும்போது விரல் தந்தியில் உராயும் கீச்சுச் சத்தமும் சேர்ந்து எழும். மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் தந்தி போட்டால் அது வெகுவாகக் குறையும்.

பெடலைத் தானே செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கடையில் ஒரே தாளில் ஒட்டிவரும் எல்.டி.ஆர்.கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பரவலாகக் கிடைக்கும் ஜி.எல்.5528 வகைக்கு, 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் என்றுதான் விவரத்தாள் சொல்கிறது. அதாவது இரட்டிப்பு வித்தியாசம் இருந்தாலும் அது சரியான பாகம்தான். ஒரு கைப்பிடி வாங்கி, மேலே சொன்ன கருப்புக் குழாயில் ஒவ்வொன்றாகச் செருகி அளந்து, வெளிச்சத்தில் எவ்வளவு இறங்குகிறது, இருட்டில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிடித்ததைப் பெடலில் வையுங்கள்.

எல்.இ.டி. பச்சையாக இருப்பது நல்லது. காட்மியம் சல்ஃபைடு எல்.டி.ஆர். அதிகம் உணர்வது 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைத்தான். சிவப்பும் வேலை செய்யும், ஆனால் அதே மின்சாரத்துக்குக் குறைவாக அமுக்கும். எல்.இ.டி. எரியத் தொடங்கும் வோல்ட்டேஜே இங்கே ஒரு வாசல் மாதிரி வேலை செய்கிறது. பழைய வகைப் பச்சைக்குச் சுமார் 2 வோல்ட், அதிகப் பிரகாசமுள்ள பச்சைக்கு 3 வோல்ட் அருகே. சிக்னல் அதைத் தொடும்வரை எல்.இ.டி. இருட்டாகவே இருக்கும், கம்ப்ரஸர் சும்மா இருக்கும். தொட்டபின்னும் எல்.இ.டி. ஒரேயடியாகப் பிரகாசிப்பதில்லை, படிப்படியாகத்தான். அதனால்தான் ஆப்டிகல் பெடலில் கம்ப்ரஷன் எங்கே ஆரம்பிக்கிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது.

எல்.இ.டி.யை அலையின் ஒரு பாதி மட்டும் எரியவைக்கும் எளிய சர்க்யூட்கள் உண்டு. கிட்டாரின் தடித்த இ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கு 12 மில்லி செகண்ட். அந்த இடைவெளியில் எல்.டி.ஆர். கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும், கீழ்ச் சுரங்களில் லேசான கரகரப்பு தட்டும். பாஸ் கிட்டாரில் அதே இ 41 ஹெர்ட்ஸ் என்பதால் இன்னும் மோசம். ரெக்டிஃபையரால் அலையின் இரண்டு பாதியையும் எல்.இ.டி.க்குத் தந்தால் இது பெரிதும் சரியாகிவிடும். அந்தச் சில டயோடுகளின் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குழாயை அடைப்பதில் அலட்சியம் கூடாது. மூடியைத் திறந்துவைத்து டியூப்லைட்டுக்குக் கீழே பெடலைச் சோதித்தால், கசியும் வெளிச்சம் எல்.டி.ஆரில் பட்டு கெயின் குறைந்து நிற்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். அந்த மினுக்கல் கெயினை அசைத்து, கிட்டார் ஒலியின்மேல் ஒரு உறுமலாக ஏறும். வயரிங்கில் தவறு என்று கிரவுண்டைத் தேடி அலைவதற்கு முன்பு, உள்ளங்கையால் அந்தக் குழாயைப் பொத்திப் பாருங்கள். உறுமல் நின்றால் ஒரு துண்டுக் கருப்பு டேப் போதும்.

காட்மியம் நச்சுப்பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) என்ற நச்சுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகள் மின்னணுப் பொருள்களில் காட்மியத்துக்கு எடையில் 0.01 சதவீதம்தான் அனுமதிக்கின்றன. இந்த எல்.டி.ஆர்.களைப் பெரிய நிறுவனங்கள் தவிர்ப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உடைந்த எல்.டி.ஆரைச் சுரண்டவோ எரிக்கவோ வேண்டாம், மின்னணுக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.

செட்டிங்குக்கு வருவோம். முதலில் கம்ப்ரஷன் நாபைப் பூஜ்யத்தில் வைத்து, பெடல் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்கிறேன். பிறகு கம்ப்ரஷனை ஏற்ற ஏற்ற, ஒவ்வொரு நிலையிலும் வால்யூமைத் திரும்பவும் சமன் செய்கிறேன். இந்தச் சமன் மிக முக்கியம். காதுக்குச் சத்தம் கூடினாலே நன்றாக இருப்பது போலத் தோன்றும், அது கம்ப்ரஷனின் அழகா, வால்யூமின் அழகா என்று பிரித்தறிய முடியாது. பெடலை எடுத்தபோது ஏதோ ஒன்று குறைகிறதே என்றும், போட்டபோது வித்தியாசம் தெரியவில்லையே என்றும் எந்த இடத்தில் தோன்றுகிறதோ அங்கே நிறுத்திவிடுவேன். என் கையில் அது பெரும்பாலும் நாபின் பாதிக்குக் கீழேதான் வருகிறது.

கிட்டார் மாற்றினால் செட்டிங்கும் மாறும். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்களில், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயிலைவிடப் பலமான சிக்னல் தரும், அதே நாப் நிலையில் கூடுதலாக அமுங்கும். சிங்கிள் காயிலில் வேறொரு தொல்லை: வாசிக்காத நேரத்தில் கம்ப்ரஸர் உச்சக் கெயினில் நிற்பதால், பிக்கப் பிடிக்கும் ஹம்மும் சேர்ந்து மேலே வரும். கச்சேரி மேடைகளில் சீரியல் லைட்டும் டிம்மரும் பக்கத்திலேயே இருக்கும், அங்கே இது அதிகம். பாட்டுக்குப் பாட்டு நடுவே கிட்டாரின் வால்யூமை மூடிவிடும் பழக்கம் நல்லது. அடாப்டரும் மலிவானதாக வேண்டாம். அதன் இரைச்சலையும் கம்ப்ரஸர் தூக்கிக் காட்டும்.

பெடல்போர்டில் கம்ப்ரஸரை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் வைக்கிறேன். இன்னும் கடுமையாகக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் இருந்தால் அது கிட்டாரை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பதால் அதற்குப் பின்னால். எக்கோ தரும் டிலே, ரிவெர்ப் எல்லாம் கம்ப்ரஸருக்கு அப்புறம்தான். முன்னால் வைத்தால் எக்கோவின் வாலெல்லாம் தூக்கப்பட்டுப் பாட்டு சேறாகிவிடும்.

வாங்குவதாக இருந்தால், கனடாவில் உருவான டயமண்ட் கம்ப்ரஸர், அமெரிக்காவின் டெமீட்டர் காம்புலேட்டர், ஃபின்லாந்தின் மேட் புரொஃபசர் ஃபாரஸ்ட் கிரீன் ஆகியவை இந்த வகையில் பேர்பெற்றவை. டயமண்டில் ஒரே நாபில் கீழ்ச் சுரங்களையும் மேல் சுரங்களையும் தராசு போலச் சாய்க்கும் ஈக்யூ உண்டு, அமுங்கியபின் மங்கலாகும் ஒலிக்கு அது ரொம்ப உதவும். எந்தப் பெடலாக இருந்தாலும் கடையில் சோதிக்கும்போது வேகமான ரன் வாசித்துப் பார்க்காதீர்கள், அதில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு கார்டைப் பலமாக அடித்து, முழுக்க தேயும்வரை கையை எடுக்காமல் கேளுங்கள். ஒலி எந்த வேகத்தில் மேலே வருகிறது, இரைச்சல் எவ்வளவு கூட வருகிறது என்று பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒற்றைச் சுரத்தை அடியுங்கள். முதல் அடி எவ்வளவு எடுப்பாக வருகிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் குழுவில் அதிகம் வாசிக்கும் பாட்டின் வேகத்தில் ஒரு ஸ்ட்ரம், அவ்வளவு போதும்.

கடைசியாக ஒரு மேடை விஷயம். சவுண்ட் இன்ஜினியர்கள் பலர் எல்லாச் சேனலிலும் மிக்ஸரின் கம்ப்ரஸரைப் போட்டுவிடுவார்கள். நம் பெடல் ஏற்கெனவே சமன் செய்ததை அது இன்னொரு முறை, அதுவும் வேகமான ரிலீஸோடு அமுக்கினால், பாதுகாத்துக் கொண்டுவந்த தொடக்கமெல்லாம் போய்விடும். சவுண்ட் செக்கிலேயே போய், "அண்ணே, கிட்டாருக்கு நான் இங்கயே கம்ப்ரஸர் போட்டிருக்கேன். உங்க பக்கம் எடுத்துடுங்க, லெவல் ஏறினா என்கிட்ட சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் சந்தோஷமாக எடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு ஒரு வேலை குறைகிறதே. அக்கூஸ்டிக் கிட்டாரை, அதன் உடலின் அதிர்வைப் பிடிக்கும் பீசோ பிக்கப்போடு வாசிக்கும் நாளில் மட்டும் நானே கம்ப்ரஷனைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். வாசிக்காத நேரத்தில் உச்சத்தில் நிற்கும் அந்தக் கெயின், மானிட்டரின் (நமக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தத்தைக் கிட்டார் உடல் வழியாகத் திரும்ப இழுத்து 'ஊ' என்று ஊளையிடவைத்துவிடும். அன்றைக்கு மானிட்டர் பெட்டியையும் சற்றுத் தள்ளி, கிட்டாரின் வாயைப் பார்க்காதபடி திருப்பிவைக்கச் சொல்வேன்.